எங்கள் தெரு வாங்கிய மதிப்பெண்

ஆகஸ்ட் 11, திங்கள்

மாதா திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகிறது. வீட்டுத் தூசி இன்னும் அடங்கவில்லை. திருவிழாவுக்கு வந்து தங்கிய உறவுக்காரர்கள் ஜன்னல் கம்பிகளில் ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டுப் போனதில் இரண்டு இடத்தில் துரு ஏறிவிட்டது. கடற்கரை ஊரில் இரும்பின்மேல் ஈரத்தைப் போடக்கூடாது என்பது படித்த பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.

காலையில் நர்ஸ் ஜெபமாலை வந்தாள். திங்களும் வியாழனும் வருவாள். பிப்ரவரியில் தொடங்கிய ஏற்பாடு இது. ஓர் அறக்கட்டளை தூத்துக்குடியில் ஐந்து தெருக்களைத் தேர்ந்தெடுத்து, தனியாக இருக்கும் வயதானவர்களுக்காக நடத்துகிறது. நர்ஸ் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பாள். நடக்கப் பயிற்சி கொடுக்க ஒருவர் வருவார். பென்ஷன் தாள், கேஸ் சிலிண்டர், கொத்தனார் வேலை எல்லாவற்றுக்கும் இன்னொருவர். மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் விசேஷம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அதை விழுங்குவதற்கு முன் சாப்பிட வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்காத ஆஸ்பத்திரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்கள் கேட்கிறார்கள்.

என் குளியலறையில் இரண்டு கைப்பிடிக் கம்பிகள் பொருத்தியிருக்கிறார்கள். மாடியிலிருந்த கட்டிலைக் கீழே இறக்கினார்கள். அடுப்புக்கு முன்னால் ஓர் உயரமான முக்காலி போட்டார்கள். எனக்கு அவசியம் என்றில்லை. இருந்தால் நல்லதுதான். நான் குளிக்கும்போது ஜெபமாலை கதவுக்கு வெளியே நிற்பாள், ஒரு பாதுகாப்புக்கு. மற்ற நாட்களில் ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வேன். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊர்.

இன்று பிரஷர் பார்த்துவிட்டு, பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “செப்டம்பரோட நம்ம தெருவுக்கு நின்னுரும் போல பெரியம்மா.”

“ஏன்?”

“ஆய்வு முடிவு அப்படி இருக்காம். மத்த நாலு தெருவும் ஏறியிருக்கு. நம்ம தெருதான் எறங்கிருச்சு. பலன் இல்லாத தெருவுல எதுக்குச் செலவுன்னு பேசிக்கிறாங்க.”

ஜனவரியில் திட்டம் தொடங்கும் முன் ஒரு கேள்வித்தாள் வைத்தார்கள். நாற்பதுக்கு எங்கள் தெருவின் சராசரி முப்பத்தெட்டு; ஐந்து தெருக்களில் நாங்கள்தான் முதல். ஜூலையில் அதே கேள்விகளை மறுபடி கேட்டபோது இருபத்தொன்பது. ஒன்பது மதிப்பெண் குறைந்திருக்கிறது. நான் ஜனவரியிலும் நாற்பது, ஜூலையிலும் நாற்பது. ஆகவே யாரோ கவனக்குறைவாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். காது மந்தமான தொபியாஸாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. எதிர்வீட்டு இன்னாசியம்மாவின் மருமகன் வந்து மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனான். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆய்வு செய்பவரை நேரில் பார்த்துக் கேட்டுவிடுவது என்று ஆட்டோ பிடித்துப் பங்குக் கூடத்துக்குப் போனேன். குடையை எடுத்துக்கொண்டேன். நடைப்பயிற்சிக்காரர் ஒரு கைத்தடி கொடுத்திருக்கிறார். எனக்குக் குடை போதும். வெயிலுக்கும் ஆகும்.

கனகவல்லி என்று பெயர். சென்னையிலிருந்து வந்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். மருத்துவர் அல்ல, இந்த மாதிரித் திட்டங்களை அளந்து பார்ப்பதில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மேசை ஒழுங்காக இருந்தது. அது எனக்குப் பிடித்தது.

“எங்க தெரு பேப்பரை மறுபடி திருத்தணும்” என்றேன்.

“திருத்தறதுக்கு இது பரிட்சை இல்லம்மா.”

“கேள்வி கேக்கிறீங்க. மதிப்பெண் போடுறீங்க. கூட்டி வரிசைப்படுத்துறீங்க. பரிட்சை இல்லாம வேற என்ன?”

அவர் சிரித்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போலில்லாமல், சமமாக வைத்துச் சொன்னார். “மத்த தெருவுல பதினெட்டு, இருபதுன்னு ஆரம்பிச்சாங்க. இப்ப இருபத்தஞ்சு, இருபத்தாறு. நாங்க போனதால ஏதோ நல்லது நடந்திருக்குன்னு தெரியுது. உங்க தெருவுல ஜனவரியில எல்லாரும் ஓடியாடி இருந்திருக்காங்க. நாங்க உள்ள வந்து ஆறே மாசத்துல எல்லாரையும் உக்கார வெச்சிட்டோம். கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“அப்போ முதல்ல குறைவா வாங்கினாத்தான் நல்லதா?”

“முதல்ல உள்ளபடி இருந்தா நல்லது.” அவர் என் முகத்தைப் பார்த்தார். “ஜனவரியில யாராவது இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்களாம்மா?”

“எங்க தெருவில படிச்சவங்க இருக்கோம்” என்றேன்.

அது அவர் கேட்டதற்குப் பதில் அல்ல. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு புடவைகளுக்கு இஸ்திரி போட்டேன். ஒன்று ஏற்கெனவே போட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புப் பெருவிழா. பூசை முடிந்து வெளியே வரும்போது பெலிசித்தா என் கையைப் பிடித்தாள். கான்வென்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். சர்க்கரையால் வலது காலில் புண்.

“ஏட்டி கிளாடிஸ், நர்சு வரமாட்டாளாமே. என் கால என்ன செய்ய? ஒரு விரலு போனாலும் போயிரும்னு டாக்டர் சொன்னாருல்லா, அவ வந்து வந்து கட்டுப் போட்டுத்தான் ஆறிட்டு வருது.”

“நீ ஜூலையில என்ன பதில் சொன்ன?” என்று கேட்டேன்.

“உள்ளதச் சொன்னேன். ஜெபமாலை அழகாக் கேட்டா, சொல்லிட்டேன். ஜனவரியிலதான் நீ சொல்லிக் குடுத்தபடி சொன்னேன்.” பெலிசித்தாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஃபாதர் திரும்பிப் பார்த்தார்.

சரி. எழுதிவிடுகிறேன். ஜனவரியில் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வந்தது. தெருவில் எல்லாருக்கும் தமிழில் விளக்கிச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார்கள். என் வீட்டு ஹாலில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினேன். தனியாகக் குளிப்பீர்களா என்று கேட்டால் ‘குளிப்பேன்’ என்று சொல்லவேண்டும். ‘குளிப்பேன், ஆனால்’ என்று இழுக்கக்கூடாது. வீட்டைக் கூட்டிவைக்க வேண்டும். சலவைத் துணி உடுத்தி நிமிர்ந்து உட்கார வேண்டும். தொபியாஸின் வாக்கரை என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒளித்துவைத்தேன்.

மதிப்பெண் குறைந்தவர்களை ஏதாவது இல்லத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். தவிர, ஒருவர் கேள்வி கேட்டால் முழு மதிப்பெண் வாங்குவதைத் தவிர எனக்கு வேறு பழக்கமில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மத்தியானம் அடுப்படியிலிருந்த பித்தளைச் சாமான்களை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று நினைத்து, இரண்டைத் தேய்த்து, விட்டுவிட்டேன்.

தொபியாஸ் துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்தவர். மனைவி போனபின் மாடியறையைவிட்டு இறங்காமல் கிடந்தார்; ஜனவரியில் என் ஹாலுக்கே அவரை நாற்காலியோடு தூக்கித்தான் வந்தார்கள். இப்போது வாக்கரோடு டீக்கடைவரை போய், கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறார். பெலிசித்தாவின் விரல் ஐந்தும் இருக்கிறது. நான்கூட மார்ச்சிலிருந்து என் சோற்றை நானே பொங்குகிறேன்.

ஜெபமாலை குளியலறைக் கதவை முழுவதும் சாத்துவதில்லை. சோப்பு எடுத்துக் கொடுப்பாள், முதுகு தேய்ப்பாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பெங்களூரிலிருந்து மகன் மெல்வின் பேசினான். திங்கட்கிழமைதோறும் பேசுவான். நர்ஸ் நிற்கப்போவது அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

“அது நின்னா நீங்க அங்க தனியா இருக்க முடியாது மம்மி. கோயம்புத்தூர்ல ஒரு இடம் பாத்து வெச்சிருக்கேன். தனி ரூம், ஏசி, காம்பவுண்டுக்குள்ளயே சேப்பல்.”

“சேப்பல் எனக்கு இங்கேயே இருக்கு.”

“நிஜமாச் சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?”

“முட்டி வலி. வேறொன்றுமில்லை.”

“அப்ப சரி. ஆனா நர்ஸ் நின்னா கோயம்புத்தூர்.”

அவனிடம் எனக்குக் கோபமில்லை. நல்ல பிள்ளை. ஆனால் இது என் கணவர் அகஸ்டின் கட்டிய வீடு. அவர் போனபிறகு பதினான்கு வருடம் இதை நான்தான் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். யாரோ மணியடித்தால் சாப்பிடவும், யாரோ விளக்கணைத்தால் தூங்கவும் நான் போகப்போவதில்லை. நர்ஸ் நிற்கக்கூடாது. அதற்கு என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்யவேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

மறுபடி ஆட்டோ, மறுபடி பங்குக் கூடம். உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டேன்.

“ஜனவரியில சொல்லிக்கொடுத்தது நான்தான்.”

கனகவல்லி பேனாவைக் கீழே வைத்தார். “எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும். கையெழுத்துக்கூடப் பழக்கினேன்.”

“எதுக்கும்மா?”

“எங்க தெரு முதல்ல வரணும்னு.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். ஜனவரித் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். “எழுதின கணக்கை என்னால மாத்த முடியாது. நீங்க இப்ப வந்து சொல்றதும் ஒரு பேச்சு, அவ்வளவுதான். நாளைக்கு இன்னொரு தெரு வந்து, நாங்களும் பொய்தான் சொன்னோம், மாத்திப் போடுங்கன்னு கேக்கும்.”

“வேற வழி?”

“ஒண்ணு இருக்கு. ஜனவரிக்கு முன்னாடி எப்படி இருந்தீங்கன்னு ஒவ்வொருத்தரையும் நான் இப்ப கேக்கலாம். ஆனா அவங்க சொல்றது மட்டும் போதாது. அன்னைக்குக் கண்ணால பாத்த ஒரு ஆள் கூட வந்து சொல்லணும். எங்க ஊழியர் கூடாது. சொந்தக்காரங்க கூடாது. அப்படி வந்தா, அறிக்கையில தனிப் பகுதியா சேக்கிறேன். அறக்கட்டளை அதை ஏத்துக்குமான்னு தெரியாது. நான் வாக்குக் கொடுக்கல.”

“வாக்கு நான் கேட்கல. தேதி சொல்லுங்க.”

அடுத்த வியாழன், இருபத்தெட்டு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தொபியாஸ் வீட்டுக்குப் போனேன். மாடிப்படி செங்குத்து. ஏறி முடிக்க நேரமாயிற்று. எப்படி ஏறினேன் என்பதை அவர் பார்க்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, “என்னது, இப்ப பெயிலாகணுமா?” என்றார்.

“உள்ளபடி சொல்லணும், அண்ணன்.”

“அதத்தான் நான் அன்னைக்கே கேட்டேன். நீங்கதான நெஞ்ச நிமித்துங்க, வேட்டிய மடிச்சுக் கட்டாதிய, இருமல் வந்தா முழுங்குங்கன்னு பாடாப் படுத்துனிய. இருமல முழுங்கி முழுங்கி எனக்குக் கண்ணு பிதுங்கிருச்சு. முப்பத்தொம்பது வாங்கிக் குடுத்தேன். இப்ப வந்து அத திருப்பிக் கேட்டா?”

“ஜூலையில இருபத்தாறுதானே வாங்கினீங்க.”

“ஜூலையில நீங்க பக்கத்துல இல்ல. நிம்மதியா சொன்னேன்.”

யார் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டேன். டீக்கடைக்காரர் தினமும் கயிற்றில் கட்டி டீயை மாடிக்கு அனுப்பியது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வந்து சொல்வார்.

இறங்கப்போகும்போது தொபியாஸ் கேட்டார்: “நீங்க சொல்லுவியளா?”

“எதை?”

“ஒங்க கணக்க. நாற்பதுக்கு நாற்பது வாங்குன ஆளாச்சே. நீங்க மொத ஆளா உக்காந்து சொல்லுங்க. பொறவு நாங்க சொல்லுதோம். இல்லன்னா நான் டீ குடிக்கப் போயிருவேன்.”

ஆகஸ்ட் 23, சனி

பெலிசித்தா உடனே ஒப்புக்கொண்டாள். அவளுக்குச் சாட்சி மருந்துக்கடைப் பெண். மற்றவர்களும் கேட்டது ஒரே கேள்விதான்: நீ முதலில் சொல்வாயா?

பெலிசித்தா மட்டும் இன்னொன்று கேட்டாள். “ஒன்னைய யாருட்டி பாத்தா?”

“என்னை யாரும் பார்க்கவில்லை” என்றேன்.

“பாத்தாவ” என்றாள். “தெருவுக்கே தெரியும்.”

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கால்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஜெபமாலை போனபிறகு இன்னாசியம்மாவின் மாவுக்கடை வரை போனேன். தெருவைக் கடந்தால் அவள் கடை. மழை வருவதுபோல் இருந்ததால் வாசலிலிருந்து திரும்பிவிட்டேன்.

மழை வரவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

போனேன்.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னாசியம்மா என்னைப் பார்த்தாள்; நிறுத்தவில்லை. மாவு வாங்க ஒரு பெண் பாத்திரத்தோடு நின்றாள். நானும் நின்றேன். கடைசியில் ஸ்விட்சை அணைத்தாள்.

“என்னக்கா, வழி தப்பிட்டியளா? சூப்பர் மார்க்கெட்டு அந்தப் பக்கம்லா.”

டிசம்பரிலிருந்து நான் பாக்கெட் மாவுதான் வாங்குகிறேன். அதற்குமுன் இருபது வருடம் அவளிடம் வாங்கினேன்.

“உன்கிட்ட ஒரு காரியம் கேட்க வந்தேன், இன்னாசி. டிசம்பர்ல நீ என் வீட்டுக்குள்ள வந்தியே.”

“வந்தேனா? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாவகம் இல்லியே. வந்தத வெளிய சொல்லக்கூடாதுன்னு சொன்னிய. சொல்லாம இருக்கணும்னா மறந்துருததுதான் லேசு, அதான் மறந்துட்டேன்.”

“பாத்ரூம்ல நான்…”

“ஆமா, கம்மல் தேடிக்கிட்டு இருந்திய.” கையில் ஒட்டிய மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள். “கெடச்சுதா?”

பாத்திரத்தோடு நின்ற பெண் என் காதுகளைப் பார்த்தாள். இரண்டு கம்மலும் இருந்தன.

அன்று இன்னாசியம்மா என்னைத் தூக்கி உட்காரவைத்தபோது நான் அப்படித்தான் சொன்னேன். கம்மல் கழன்று விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்று. காலையிலிருந்து மத்தியானம்வரை தேடினேன் என்று நம்பச் சொன்னேன். அவள் என்னைத் துடைத்து, மாற்றுத்துணி உடுத்தி, கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் கஞ்சி கொண்டுவந்தாள். ஜன்னல் வழியாகவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அதன்பின் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் பாக்கெட் மாவு.

“நான் கம்மல் தேடல” என்றேன். “விழுந்து கிடந்தேன்.”

இன்னாசியம்மா அந்தப் பெண்ணுக்கு மாவை ஊற்றி அனுப்பிவிட்டு, கல்லாவுக்குப் பின்னாலிருந்த ஸ்டூலை எடுத்து என் முன்னால் போட்டாள். உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: ஆய்வு, மதிப்பெண், கோயம்புத்தூர்.

“கோயம்புத்தூரா? அங்க போயி யாரத் தெரியும் ஒங்களுக்கு?” என்றாள். பிறகு, “வாரேன். ஆனா அந்த மேடம் கேட்டாவன்னா நான் பாத்தத பாத்தபடிதான் சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். பொறவு எம்மேல கோவப்படக்கூடாது.”

“குறைச்சாத்தான் கோவப்படுவேன்.”

“யாத்தே!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாவு வாங்கிவந்தேன். இட்லி நன்றாக வந்தது. பாக்கெட் மாவில் இப்படி வராது.

ஆகஸ்ட் 28, வியாழன்

பங்குக் கூடத்தில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கனகவல்லி பக்கத்து அறையில் தனித்தனியாகக் கேட்பதாகச் சொன்னார். நான் கூடத்திலேயே கேட்கச் சொன்னேன். ஹாலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள், அறைக்குள் போய் மாற்றிச் சொல்வது முறையல்ல.

“அது உங்க இஷ்டம்மா” என்றார். “ஜனவரிக்கு முன்னாடி நீங்க தனியாக் குளிச்சீங்களா?”

“இல்ல.”

“யார் உதவி செஞ்சாங்க?”

“யாரும் இல்ல. குளிக்கல.”

அவர் எழுதினார். அடுத்தடுத்துக் கேட்டார். சமையல்? இல்லை. கடைக்குப் போவது? இல்லை. மாடிப்படி? உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக. சொல்லத் தொடங்கியபின் அவ்வளவு கஷ்டமில்லை. முதல் பதில்தான் கஷ்டம்.

பிறகு இன்னாசியம்மாவைக் கேட்டார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“காலையில போட்ட பால் பாக்கெட்டு மத்தியானம் வரைக்கும் அக்கா வாசல்ல கெடந்துச்சு. இவ்வொ அப்படி விட மாட்டாவ. பொறத்தால செவரேறி உள்ள போனேன். பாத்ரூம்ல கெடந்தாவ. சேலையெல்லாம் நனைஞ்சு போயி…” என்னைப் பார்த்தாள். “தண்ணியில இல்ல.”

“தண்ணி இல்லன்னா?” என்றார் கனகவல்லி.

“சிறுநீர்” என்றேன் நான். “எழுதிக்கோங்க.”

“அடுப்படியில பாத்திரமெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. மேசையில வெறும் ரொட்டிதான்.”

“பன்” என்றேன். “ரொட்டி இல்ல.”

பின்னாலிருந்து தொபியாஸ் சிரித்தார். அதற்குப்பின் மற்றவர்களும். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போதைய நிலைமைக்கும் கேட்டார். ஜெபமாலை என்னைக் குளிப்பாட்டுகிறாள். வெளியே நிற்பதில்லை, சோப்பு மட்டும் எடுத்துக் கொடுப்பதில்லை, குளிப்பாட்டுகிறாள். கூடத்தில் சொல்லிவிட்டேன், ஆகவே இங்கும் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பதினொன்று, இன்றைக்கு இருபத்துமூன்று என்று கனகவல்லி கூட்டினார். தாளை வாங்கிப் பார்த்தேன்.

“மாடிப்படிக்கு ரெண்டு போட்டிருக்கீங்க. உட்கார்ந்து ஏறினா ஒண்ணுதான். உங்க விதியிலேயே அப்படித்தான் இருக்கு. பத்துதான் வரும்.”

“ஒரு மார்க்தானேம்மா.”

“அதிகமாப் போட்ட மார்க்காலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்.”

பதினொன்றை அடித்துப் பத்து என்று எழுதினார். அடித்த இடத்தில் அவருடைய சுருக்கொப்பத்தையும் போடச் சொன்னேன்.

அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். தொபியாஸ் அன்றைக்கு எட்டு. “அக்காளவிட ரெண்டு கம்மி, நாந்தான் கடைசி!” என்று ஏதோ பரிசு வாங்கியதுபோல் சொல்லிக்கொண்டு போனார். பெலிசித்தா பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் அவள் ஒருமுறைகூட என்னை முந்தியதில்லை. வீட்டுக்கு வரும்வரை அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நானே மெல்வினைக் கூப்பிட்டேன். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசாதே என்று சொல்லிவிட்டு, டிசம்பரிலிருந்து நேற்றுவரை சொன்னேன்.

“நாளைக்கு வரேன்” என்றான்.

“பார்க்க வா. கூட்டிக்கொண்டு போக வராதே.”

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மெல்வின் வந்து போனான். குளியலறை வாசலில் நின்று கைப்பிடிக் கம்பியை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

“ஏன் மம்மி என்கிட்ட சொல்லல?”

“நீ கோயம்புத்தூர் என்று சொல்வாய் என்றுதான்.”

“சொல்லியிருப்பேன்தான்.”

எதிரே போய் இன்னாசியம்மாவிடம் ஏதோ பேசிவிட்டு வந்தான். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. மிளகாய்ப்பொடி அரைத்துக்கொண்டிருந்தாள் என்றான். கேட்டுக்கொண்டேன். நர்ஸ் வருவது நின்றால் நான் மறுபேச்சு இல்லாமல் கிளம்பவேண்டும், தொடர்ந்தால் அவன் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. இப்படி முடிவு செய்து கையில் அடித்துக்கொண்டோம். இனி அறக்கட்டளையின் கையில்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். செய்தி இல்லை. சுருங்கிப்போன இரண்டு ஜாக்கெட்டுகளைப் பிரித்துத் தைத்தேன். கோயம்புத்தூருக்கு எதை எடுத்துப்போவது என்று ஒருமுறை அலமாரியைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

ஜெபமாலை எட்டு மணிக்கு வந்தாள். முகத்தில் ஏதோ இருந்தது. கேட்டேன்; சொல்லவில்லை. பிரஷர் பார்த்து, எழுதி முடித்து, பட்டையைப் பைக்குள் வைத்தபிறகுதான் சொன்னாள். முன்னால் சொன்னால் பிரஷர் ஏறிவிடுமாம்.

எங்கள் தெருவுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி மதிப்பெண்களை நம்பமுடியாதவை என்று முழுவதும் தள்ளிவிட்டார்கள். தனிப்பகுதியைப் படித்தார்களாம், விவாதித்தார்களாம். ஆனால் அதைக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது, ஞாபகத்திலிருந்து சொன்னது என்றார்களாம். ஆகவே புதிதாக ஒரு முதல் கணக்கு எடுப்பார்கள். இந்த முறை கேள்வி மட்டுமல்ல. காலையில் வீட்டுக்கே வந்து, எழுந்தது முதல் நாங்கள் என்ன செய்கிறோம் என்று கூட இருந்து பார்ப்பார்கள். அதிலிருந்து ஒரு வருடம் கழித்து அளப்பார்கள். அப்போதும் பலன் தெரியாவிட்டால் அதோடு சரி.

நியாயமான முடிவு. நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன்.

மெல்வினுக்குச் சொன்னேன். “சரி மம்மி” என்றான். வேறு ஊர்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

சாயங்காலம் தெருவே என் ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னாசியம்மாவும் வந்திருந்தாள், அவளுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை, அவளை யாரும் அளக்கப்போவதில்லை.

“நாளைக்கு எப்படி இருக்கணும், என்ன சொல்லணும்?” என்றார் தொபியாஸ். “இந்தத் தடவ தெளிவாச் சொல்லிருங்க.”

சொன்னேன். வீட்டைக் கூட்டாதீர்கள். பெட்டிக்குள்ளிருந்து துணி எடுக்காதீர்கள். இருமல் வந்தால் இருமுங்கள். உதவி இல்லாமல் செய்ய முடியாததை அவர்கள் முன்னால் செய்து காட்ட முயலாதீர்கள். ‘ஆனால்’ என்று தாராளமாக இழுங்கள். அதற்குப் பின்னால் வருவதைத்தான் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

“பாருங்கட்டி, பெயிலாகதுக்கும் டியூஷன் எடுக்கா” என்றாள் பெலிசித்தா.

யார் வீட்டுக்கு முதலில் வருவார்கள் என்று கேட்டார்கள். என் வீட்டுக்குத்தான். நான்தான் கேட்டு வாங்கினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஐந்தரைக்கு விழித்துவிட்டேன். கட்டிலிலிருந்து இறங்க வழக்கம்போல் நேரம் பிடித்தது. போர்வையை மடிக்கவில்லை. நேற்றிரவுத் தட்டு அப்படியே மேசையில் இருக்கிறது. நைட்டியின் தோளில் ஒரு தையல் விட்டிருக்கிறது. அலமாரியில் கஞ்சி போட்ட புடவைகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகவில்லை. விருந்தாளி வருவது தெரிந்தும் இந்தக் கோலத்தில் நான் இருந்ததாக என் ஞாபகத்தில் இல்லை.

கண்ணாடியை இரண்டுமுறை கடந்து போனேன். மூன்றாம் முறை சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

வாசலில் வண்டி வந்து நிற்கிறது. கனகவல்லியின் குரலும் ஜெபமாலையின் குரலும் கேட்கின்றன. கதவைத் திறக்கப் போகிறேன். தலை சீவவில்லை.